அடுத்தவர் சுவருக்குப் போகும் வரை: கலைச்சந்தையிலும் உள்ளூர்க் கண்காட்சியிலும் படைப்பை வைத்து விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதல் தடவை கலைச்சந்தையில் ஸ்டால் போட்டபோது பதினான்கு ஓவியங்கள் கொண்டுபோனேன். எல்லாம் நல்ல பெரிய கேன்வாஸ்கள். மதியம் ஒரு பெண்மணி வந்து ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். விலை கேட்டார், சரி என்றார். பிறகு, "இதை எப்படிக் கொண்டுபோறது?" என்று கேட்டார். என்னிடம் பபிள் ராப் இல்லை, அட்டை இல்லை, ஒரு முழம் கயிறுகூட இல்லை. "வண்டி வரச் சொல்லிட்டு வர்றேன்" என்று போனவர் திரும்பவில்லை. சாயங்காலம் பதினான்கையும் பழைய போர்வைகளில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அவருக்குப் படம் பிடித்திருந்தது, விலையும் ஒத்துவந்தது. குறுக்கே நின்றது அந்த ஒரு முழக் கயிறு. அதற்குப் பிறகு எத்தனையோ சந்தைகள் பார்த்தாயிற்று. இன்றும் ஸ்டாலுக்குத் தயாராகும்போது என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்தப் படம் என் சுவரிலிருந்து வாங்குகிறவரின் சுவருக்குப் போகிற வழியில் எங்கெல்லாம் இடறும்? கீழே வருகிற ஒவ்வொரு படியும் அந்த இடறல்களில் ஒன்றை எடுத்துப்போடத்தான். ஓவியத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். மட்பாண்டம், நகை, புகைப்படம் செய்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: எந்த மாதிரி இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கண்காட்சி என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு வியாபாரங்கள் இருக்கின்றன. இன்று நாம் பெரிய கலைச்சந்தை என்று சொல்வது 1967-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 18 கேலரிகள் சேர்ந்து நடத்திய சந்தையிலிருந்து வந்த வடிவம். மூன்றே வருடத்தில், 1970-ல், சுவிட்சர்லாந்தில் ஆர்ட் பாசெல் தொடங்கியது. இவற்றில் இடம் எடுப்பவை கேலரிகள். தனி ஓவியர் நேரடியாக விண்ணப்பிக்க வழி கிடையாது. 1999-ல் லண்டனில் தொடங்கிய அஃபோர்டபிள் ஆர்ட் ஃபேர் விலைக்கு உச்சவரம்பு வைத்துப் புதியவர்களை வாங்க வைத்தது, ஆனால் அங்கேயும் ஸ்டால் கேலரிகளுக்குத்தான். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு விண்ணப்பம் தேடி அலைய வேண்டாம்.

உங்களுக்கானது கலைஞரே ஸ்டால் எடுத்து நின்று விற்கிற சந்தை. 1930களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, நியூயார்க்கில் வாஷிங்டன் ஸ்கொயரைச் சுற்றி ஓவியர்கள் நடைபாதையில் படங்களைச் சாய்த்து வைத்து விற்றார்களே, அந்த மரபு. இதற்கு அடுத்தது, ஓவியர் சங்கங்களும் நூலகங்களும் கேலரிகளும் நடத்துகிற உள்ளூர்க் கூட்டுக் கண்காட்சி: நீங்கள் ஒன்றிரண்டு படம் கொடுப்பீர்கள், விற்றால் அவர்கள் கமிஷன் எடுப்பார்கள். மூன்றாவது, கைவினைப் பொருட்களோடு கலந்து நடக்கிற வார இறுதிச் சந்தை. அங்கே கூட்டம் வரும், ஆனால் சுற்றிப் பார்க்க வருகிற கூட்டம். கையில் தூக்கிப்போகிற அளவுள்ள சின்னப் பொருள்தான் ஓடும்.

தேர்வுக்குழு உண்டா என்பது இன்னொரு பிரிவு. ஜூரி இருந்தால் தரம் ஓரளவு சீராக இருக்கும், காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் வருவார்கள், அதே அளவுக்கு நிராகரிப்பும் வரும். நிராகரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1863-ல் பாரிஸ் சலோன் என்ற பெரிய அரசுக் கண்காட்சி ஏராளமான படங்களைத் திருப்பி அனுப்ப, எழுந்த கூச்சலில் மூன்றாம் நெப்போலியனே தலையிட்டு, நிராகரிக்கப்பட்டவற்றுக்குத் தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். அதில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் மானே இருந்தார். 1884-ல் ஒரு குழு "ஜூரியும் வேண்டாம், பரிசும் வேண்டாம்" என்றே தனிச் சலோன் தொடங்கியது. ஆக, இந்தச் சண்டை பழசு. ஒரு கடிதத்தை வைத்து உங்கள் படத்தை நீங்களே எடை போட வேண்டாம்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு வருடம் அங்கே பார்வையாளராகப் போய்வாருங்கள். ஸ்டால்களைப் பார்ப்பதைவிட, வெளியேறும் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் கையில் பொட்டலம் இருக்கிறது? எந்த அளவுப் பொட்டலம்? ஏற்பாட்டாளர் சொல்கிற பார்வையாளர் எண்ணிக்கையைவிட இது உண்மையைச் சொல்லும். ஸ்டால்காரர்களிடம் பேச வேண்டுமானால் கடைசி நாள் கடைசி ஒரு மணி நேரத்தில் பேசுங்கள். கூட்ட நேரத்தில் போய் அவர்கள் வியாபாரத்தை மறிக்காதீர்கள்.

படி 2: போனால் கட்டுபடியாகுமா?

ஸ்டால் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. போக்குவரத்து, தங்குமிடம், ஃப்ரேம், பொட்டலம் கட்டும் சாமான், கார்டு மெஷின் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் எல்லாம் கூட்டுங்கள். மொத்தச் செலவு 100 அலகு என்று வைப்போம். ஒரு பிரிண்டில் (ஓவியத்தின் அச்சுப் பிரதி) உங்களுக்கு நிற்பது 4 அலகு. பிரிண்டை மட்டும் நம்பினால் போட்ட காசைத் திரும்ப எடுக்கவே 25 விற்க வேண்டும். சந்தை மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், மொத்தம் 24 மணி. அதாவது கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை மணிக்கு ஒன்றுக்கும் சற்று அதிகம். வாசலில் நின்று பார்த்தீர்களே, அந்த இடத்தில் அது நடக்குமா? நடக்காது என்று தோன்றினால் வேறு இடம் பாருங்கள், அல்லது கொண்டுபோகும் சரக்கை மாற்றுங்கள்.

வாடகையைப் போல் பத்து மடங்கு விற்றால்தான் நல்ல சந்தை என்று பழைய ஸ்டால்காரர்கள் சொல்வதுண்டு. முதல் வருடத்துக்கு அந்த அளவுகோல் ரொம்பக் கறாரானது. செலவு திரும்பி, கூடவே இருபது முப்பது நல்ல தொடர்புகள் கிடைத்தால் நான் அதை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். மூன்றாவது வருடமும் அதே கதை என்றால் எழுதுவேன்.

படி 3: விண்ணப்பம்

பெரும்பாலான ஜூரிகள் மூன்றிலிருந்து ஐந்து படங்கள் கேட்பார்கள், கூடவே உங்கள் ஸ்டாலைக் காட்டும் ஒரு புகைப்படம். அவற்றை ஒரே திரையில் வரிசையாகப் போட்டுச் சில நொடிகளில் மதிப்பெண் போட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆகவே உங்கள் திறமையின் எல்லாப் பக்கத்தையும் காட்டுகிற இடம் இது இல்லை. ஒரு நிலக்காட்சி, ஒரு உருவப்படம், ஒரு அரூப ஓவியம் என்று கலந்து அனுப்பினால் மூன்று பேர் வரைந்தது போல இருக்கும். ஐந்தும் ஒரே கை, ஒரே காலம், ஒரே பேச்சு என்று தெரிய வேண்டும்.

புகைப்படத்துக்கு வெளியே ஆள் வைக்க வேண்டியதில்லை. படத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டுங்கள். கேமராவின் லென்ஸ் படத்தின் நடுமையத்துக்கு நேராக, சட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். இரண்டு ஒரே மாதிரி விளக்குகளை இருபுறமும் 45 டிகிரி சாய்வில் வையுங்கள், பளபளப்பு போய்விடும். விளக்கு இல்லையென்றால் மேகமூட்டமான நாளில் திறந்தவெளி நிழல் போதும். மொபைலில் எடுத்தால் கிட்டப்போய் எடுக்காமல், தள்ளி நின்று சற்றே ஜூம் செய்து எடுங்கள், இல்லாவிட்டால் ஓரங்கள் வளையும். ஃப்ரேமை வெட்டிவிட்டு ஓவியத்தை மட்டும் அனுப்புங்கள். கோப்பின் பெயர், அளவு பற்றிய விதிகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள். நல்ல படம் தவறான கோப்பு அளவால் கழிந்துபோவது வயிற்றெரிச்சல்.

கலைஞர் கூற்று என்று நூறு வார்த்தை கேட்பார்கள். "என் ஓவியங்கள் மனித இருப்பின் ஆழங்களை..." என்று தொடங்காதீர்கள். எதை, எதில், ஏன் திரும்பத் திரும்ப வரைகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். அதே நூறு வார்த்தைதான் பிற்பாடு ஸ்டாலில் வாய்வார்த்தையாக வரப்போகிறது.

படி 4: எதைக் கொண்டுபோவது

மூன்று உயரத்தில் விலை இருக்கட்டும். யோசிக்காமல் வாங்குகிற விலையில் சின்னதாகச் சில (அட்டைகள், சிறு பிரிண்ட்), கூட வந்தவரோடு ஒரு நிமிடம் பேசி வாங்குகிற விலையில் நடுத்தரமாகப் பல, எல்லோரையும் நிறுத்துகிற பெரிய ஒரிஜினல் ஒன்றோ இரண்டோ. அந்தப் பெரியது விற்காமல் போகலாம். ஆனால் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள், அதன் பக்கத்தில் நடுத்தரத்தின் விலை நியாயமாகத் தெரியும். ஒரே ஆபத்து, அட்டைகள் முன்னால் குவிந்தால் நீங்கள் அட்டைக்கடைக்காரர் ஆகிவிடுவீர்கள். அவற்றைப் பக்கவாட்டில் வையுங்கள்.

பிரிண்ட் விற்றால் அது என்ன பிரிண்ட் என்று உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும். ஜிக்லே என்ற சொல் 1991-ல் இங்க்ஜெட் பிரிண்டுக்கு மரியாதையான ஒரு பெயராகக் கொண்டுவரப்பட்டது; அந்தச் சொல் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. வாங்குகிறவருக்குப் பயன்படுகிற தகவல் வேறு: பிக்மென்ட் மையா, சாய மையா? தாள் அமிலமற்றதா, பருத்தியா? எடிஷன் (இத்தனை பிரதிதான் என்று வரையறுத்து அச்சிடுவது) என்றால், ஐம்பதில் பன்னிரண்டாவது என்பதற்கு 12/50 என்று பென்சிலில் எண்ணும் கையெழுத்தும். ஐம்பது என்று சொல்லிவிட்டு ஐம்பத்தொன்றாவதை அடிக்கக்கூடாது. அந்த எண்ணிக்கையில் சேராமல் கலைஞர் பிரதி என்று தனியாக வைப்பது வழக்கமாக எடிஷனில் பத்து சதவீதம் வரை.

வண்ணம் நிலைக்குமா என்பதும் வாங்குபவரின் சுவரோடு சேர்ந்த விஷயம். ட்யூபின் மேல் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளித்தாங்கு தரம் (வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு நிலைக்கும் என்பது) ஒன்று முதல் ஐந்து வரை போட்டிருக்கும். ஒன்றும் இரண்டும் நம்பலாம். அசல் அலிசரின் கிரிம்சன் போன்றவை வெளிறும், அதிலும் வாட்டர்கலரில் மெலிதாகப் பூசினால் சீக்கிரம் வெளிறும். திறந்தவெளிச் சந்தையில் மூன்று நாள் வெயிலில் மாட்டி வைக்கப்போவது நீங்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 5: மாட்டத் தயாராக

வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஆணியடித்தால் உடனே மாட்ட முடிய வேண்டும். சட்டத்தின் பின்புறம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கீழே, இரண்டு பக்கமும் டி-ரிங் (D வடிவ வளையம்) போட்டு அவற்றுக்கிடையே கம்பி கட்டுங்கள். ரம்பப்பல் கொக்கியைப் பல கண்காட்சிகள் வாங்கவே மறுக்கும். கம்பி முனைகளில் டேப் சுற்றுங்கள், கையைக் கிழிக்காமல் இருக்க. பின்னால் ஒரு லேபிள்: பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, வருடம், தொடர்பு.

ஆயில் ஓவியம் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்வதன் காரணம் அதுதான். சந்தைக்காகப் போன வாரம் முடித்த ஆயிலை எடுத்துப்போகாதீர்கள். யாராவது தோளை உரசினால் இரண்டு பேருக்கும் நஷ்டம். அக்ரிலிக்கின் குணம் வேறு. சூட்டில் இளகி ஒட்டும். பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் குமிழ் குமிழாக அச்சு விழுந்துவிடும். முதலில் கிளாசின் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்) அல்லது சிலிகான் தாள், அதற்கு மேல்தான் பபிள், குமிழ் வெளிப்பக்கம் பார்த்து. இதை நான் கற்றுக்கொண்டது என் ஓவியம் ஒன்றின் நீல வானம் முழுக்க அம்மைத்தழும்பு விழுந்த பிறகு.

படி 6: விலை

இங்கேதான் பலருக்குக் கை நடுங்குகிறது. கணக்காகச் செய்தால் நடுக்கம் குறையும்.

பரப்பளவால் பெருக்குவது ஒரு முறை. 12க்கு 16 அங்குலப் படம் 192 சதுர அங்குலம். 24க்கு 36 என்றால் 864. பெரியதன் விலை சிறியதைப் போல நாலரை மடங்கு ஆகிவிடும். பெரியதைச் சரியாக வைத்தால் சிறியது தண்ணீர் விலைக்குப் போகும், சிறியதைச் சரியாக வைத்தால் பெரியதைத் தொட ஆள் இருக்காது. இன்னொரு முறை, நீளத்தையும் அகலத்தையும் கூட்டி அதைப் பெருக்குவது. முதல் படத்துக்கு 28, இரண்டாவதுக்கு 60. இரண்டு மடங்கு சொச்சம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும் படி வாங்குபவருக்கு நியாயமாகத் தெரியும். நான் இதைத்தான் பின்பற்றுகிறேன். ஃப்ரேம் செலவைத் தனியாகச் சேர்க்கிறேன். ஒரே அளவுள்ள படங்களுக்கு ஒரே விலை. "இது மட்டும் ஏன் அதிகம்?" என்ற கேள்விக்கு "எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்று சொல்ல வேண்டிய நிலை வராது. ரொம்பப் பிடித்திருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே.

கமிஷன் கணக்கில் ஒரு பொறி உண்டு. உங்கள் கைக்கு 600 வர வேண்டும், கேலரி 40 சதவீதம் எடுக்கும். 600-ன் மேல் 40 சதவீதம் ஏற்றி 840 என்று எழுதினால், 840-ல் 40 சதவீதம் 336 போய், கைக்கு வருவது 504தான். 600-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: 1000. அந்த 1000 ஸ்டாலிலும், உங்கள் வீட்டிலும், இணையத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். கேலரியில் ஒரு விலை, வீட்டு வாசலில் ஒரு விலை என்று தெரிந்தால் கேலரி அடுத்த முறை கூப்பிடாது. முழு விலை கொடுத்தவரும் ஏமாந்ததாக நினைப்பார்.

பேரம்? ஒன்று வாங்கினால் குறைக்காதீர்கள், இரண்டு வாங்கினால் குறையுங்கள். அல்லது விலையைத் தொடாமல் பொட்டலத்தையும் கொண்டுசேர்ப்பதையும் உங்கள் செலவில் செய்துகொடுங்கள். விலையை எல்லாவற்றிலும் எழுதி ஒட்டுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். நானும் அப்படித்தான், அடுத்தவர் ஸ்டாலில்.

படி 7: ஸ்டால் போடுவது

திறந்தவெளிச் சந்தைகளில் வழக்கமான இடம் பத்தடிக்குப் பத்தடி. வீட்டு மாடியிலோ தெருவிலோ சாக்பீஸால் அந்தச் சதுரத்தைக் கிழித்து, ஒரு முறை முழு ஸ்டாலையும் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கருவி மறந்துபோகிறது என்று அப்போது தெரியும். அங்கேயே புகைப்படம் எடுத்தால் விண்ணப்பத்துக்கான ஸ்டால் படமும் கிடைத்துவிடும்.

கூடாரத்தை எடை போட்டுக் கட்டுவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தடிக் கூடாரத்தின் துணி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. காலுக்குக் குறைந்தது 18 கிலோ என்பது ஸ்டால்காரர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. சுவர்த்துணி மாட்டினால் இன்னும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோதான், ஆகவே ஐந்து லிட்டர் கேன்களைக் காலில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மணல் மூட்டையோ, கான்கிரீட் ஊற்றிய பிவிசி குழாயோ நல்லது. எடையைக் காலடியில் வைத்தால் மட்டும் போதாது, சட்டத்தின் மேல் மூலையிலிருந்து பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். உங்கள் கூடாரம் பறந்து போய் விழுவது பக்கத்து மட்பாண்டக்காரர் மேல்தான்.

மாட்டும் உயரம்: படத்தின் நடுமையம் தரையிலிருந்து 57 அங்குலம், அதாவது சுமார் 145 சென்டிமீட்டர். பல அருங்காட்சியகங்களும் கேலரிகளும் பின்பற்றுகிற அளவு. 57-உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் ஆணி இடம் வந்துவிடும். 24 அங்குல உயரப் படம், இடைவெளி 3 அங்குலம் என்றால், 57 + 12 - 3 = 66 அங்குலம். சின்னப் படங்களை இரண்டடுக்காக மாட்டினால் இரண்டையும் ஒரே கூட்டமாக நினைத்து அதன் நடுவை 57-ல் வையுங்கள்.

நெருக்கி அடைக்காதீர்கள். கொண்டுவந்ததை எல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. மூன்றில் ஒரு பங்கை மேசைக்கடியில் வைத்துவிட்டு, விற்றதன் இடத்தில் மாட்டுங்கள். நுழையும்போது எதிரே தெரிகிற பின்சுவரில் அந்தப் பெரிய படம். மேசையைக் குறுக்கே போட்டு வாசலை அடைத்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், அதை ஓரமாகத் தள்ளுங்கள். உள்ளரங்கு என்றால் விளக்கு நீங்களே கொண்டுபோங்கள்: 3000 முதல் 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), நிறக்காட்டல் எண் (சி.ஆர்.ஐ., நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. மலிவான விளக்கில் சிவப்பு செத்துப்போகும். மின்சாரம் எத்தனை வாட், தனிக் கட்டணமா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டாலுக்கு எடுத்துப்போகும் பையில் என் கை தன்னிச்சையாகப் போடுபவை: சுத்தி, அளவு டேப், சின்ன மட்டப்பலகை, கேபிள் டை ஒரு கட்டு, கிளாம்ப், கத்தரி, பேக்கிங் டேப், கிளாசின், பபிள் ராப், அட்டை, கயிறு (நிறைய), பெரிய பிளாஸ்டிக் விரிப்பு மழைக்கு, கருப்பு மார்க்கர், உபரி விலைச்சீட்டுகள், ரசீதுப் புத்தகம், பவர் பேங்க், சில்லறை.

படி 8: நின்று விற்பது

கலைஞர்கள் இந்தப் பகுதியைத்தான் வெறுக்கிறார்கள். நானும் வெறுத்தேன். முதலில் உடம்பைச் சரிசெய்யுங்கள், பேச்சு பிறகு. தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து மொபைல் பார்க்கிறவர் "தொந்தரவு செய்யாதே" என்று பலகை மாட்டியவர் மாதிரி. நில்லுங்கள், இல்லையென்றால் உட்கார்ந்தாலும் கண் மட்டம் ஒன்றாக இருக்கும் உயரமான நாற்காலி. ஸ்டால் வாசலை மறித்து நிற்காமல் ஒரு மூலையில்.

உள்ளே வருகிறவருக்கு ஒரு வணக்கம், அவ்வளவுதான். பிறகு அரை நிமிடம் விடுங்கள். அவர் ஒரு படத்தின் முன்னால் நின்றால், அந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: "அது விடியக்காலைல ஆத்தங்கரைல உட்கார்ந்து வரைஞ்சது, மஞ்சள் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஓடினேன்." "ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "சும்மா பார்க்கிறோம்" என்ற பதிலைத் தவிர வேறு வராது. "நீங்களே வரைஞ்சதா?" என்ற கேள்வி நூறு தடவை வரும். நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரி பதில் சொல்லுங்கள், பெரும்பாலும் அடுத்த கேள்வி விலையாக இருக்கும்.

"எங்க வீட்டுச் சுவருக்கு இது பெரிசா இருக்குமோ?" என்று கேட்டால் வியாபாரம் பாதி முடிந்தது. அவர் மனதில் படம் ஏற்கனவே வீட்டுக்குப் போய்விட்டது. மொபைலில் சுவரின் படம் இருக்கிறதா என்று கேளுங்கள், எந்தச் சாமானுக்கு மேலே என்று கேளுங்கள். அளவு டேப்பை எடுத்துக் காட்டுங்கள். பொருந்தாது என்று உங்களுக்கே தோன்றினால் சொல்லிவிடுங்கள், சின்னதைக் காட்டுங்கள். இப்படிச் சொல்லி இழந்த விற்பனைகளைவிட, இதனால் அடுத்த வருடம் திரும்பி வந்தவர்கள் எனக்கு அதிகம்.

"சுத்திப் பார்த்துட்டு வர்றோம்" என்பவர்களில் பெரும்பாலோர் வர மாட்டார்கள். கோபம் வேண்டாம். போகும்போது அந்தப் படத்தின் பெயர், அளவு, விலை எழுதிய ஒரு அட்டையைக் கொடுங்கள், இல்லையென்றால் படத்தை மொபைலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் எந்த ஸ்டால், எந்தப் படம் என்று குழம்புவதுதான் பல விற்பனைகளைக் கொன்றிருக்கிறது. கையில் அட்டை இருந்தால் இரண்டு வாரம் கழித்துக்கூட அழைப்பு வரும்.

படமெடுத்துப் போய் அச்சடித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். 1886-ன் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படைப்பின் பதிப்புரிமை (காப்பிரைட்) படைத்த உடனே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு அதற்கு நிபந்தனை அல்ல. படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை அச்சிடும் உரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். ரசீதின் அடியில் அதை ஒரு வரியாகப் போடுங்கள்.

படி 9: பணமும் பொட்டலமும்

பணம் வாங்க இரண்டு வழியாவது வேண்டும், ஏனென்றால் கூட்டம் சேரும் இடத்தில் நெட்வொர்க் முதலில் போகும். கியூஆர் அட்டை, கார்டு மெஷின், ரொக்கம். அந்த இடத்தில் விற்பனை வரி, தற்காலிக உரிமம் ஏதும் தேவையா என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேளுங்கள்.

விற்றாயிற்று என்பதற்கு ஒட்டும் சிவப்புப் புள்ளி பணம் வந்த பிறகுதான். "எடுத்து வைங்க" என்றால் முன்பணம், இல்லையென்றால் ஒரு மணி நேரம் மட்டும் என்று இதமாகச் சொல்லுங்கள். பொட்டலத்தை வாங்குபவர் கண்ணெதிரே நிதானமாகக் கட்டுங்கள்: தாள், பபிள், மூலைகளுக்கு அட்டை, மேலே கயிற்றில் பிடி. சந்தைக்குள் அந்தப் பொட்டலத்தோடு நடக்கிறவர் உங்கள் விளம்பரமும்கூட. உள்ளே ரசீது, சான்றிதழ், எப்படித் துடைப்பது, எங்கே மாட்டக்கூடாது என்ற சின்னக் குறிப்பு.

"இதே மாதிரி எங்க வீட்டை வரைஞ்சு தருவீங்களா?" என்பார்கள். உற்சாகத்தில் அங்கேயே விலை சொல்லாதீர்கள். பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, இரண்டு நாளில் எழுத்தில் அனுப்புங்கள்: பாதி முன்பணம், ஓவியத்துக்கு முன் ஒரு ஸ்கெட்ச், எத்தனை திருத்தம், எந்தத் தேதி.

படி 10: உள்ளூர்க் கூட்டுக் கண்காட்சியின் தனி விதிகள்

இங்கே நீங்கள் பக்கத்தில் நிற்க மாட்டீர்கள், ஆகவே காகிதம் பேச வேண்டும். படத்தை ஒப்படைக்கும்போது கையெழுத்திட்ட பட்டியல் வாங்குங்கள்: தலைப்பு, விலை, கமிஷன் சதவீதம், பணம் எத்தனை நாளில், சேதமானால் யார் பொறுப்பு, காப்பீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, திரும்ப எடுக்கும் தேதி. இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்கி ஒரு முறை விட்டேன். ஒரு சிறு அமைப்பு என் விற்ற படத்துக்கான பணத்தை ஐந்து மாதம் இழுத்தது. கேட்டுப் போனபோது என்னிடம் காட்ட ஒரு சீட்டுகூட இல்லை.

திறப்புவிழா மாலைக்குக் கட்டாயம் போங்கள். உங்கள் படத்தின் அருகே காவல் நிற்காமல், மற்றவர் படங்களைப் பாருங்கள், மாட்டிய தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த கண்காட்சிக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு அந்த அறையில்தான் நடக்கிறது. விற்பனைக்கு இல்லை என்று எழுதிப் படம் கொடுப்பதைத் தவிருங்கள். வாங்க வந்தவருக்கு அது முகத்தில் கதவைச் சாத்துவது போல.

படி 11: வலை விரிப்பவர்கள்

கண்காட்சிகளில் பெயர் வெளியே வந்ததும் மின்னஞ்சல்கள் வரும். "என் மனைவிக்கு ஆச்சரியப் பரிசு, எந்தப் படமானாலும் சரி, காசோலை அனுப்புகிறேன், மீதியை என் லாரிக்காரருக்கு அனுப்புங்கள்" என்ற வகை உலகம் முழுக்க ஓடுகிற பழைய மோசடி. காசோலை வங்கியில் வரவு வைத்த மாதிரி தெரியும், பிறகு திரும்பும், நீங்கள் அனுப்பிய மீதி போனது போனதுதான். விலைக்கு மேல் பணம் அனுப்புகிறவரோடு பேச்சு வேண்டாம். நடக்கவே போகாத சந்தைக்கு ஸ்டால் வாடகை வசூலிப்பவர்களும் சமூக ஊடகத்தில் உண்டு. நடக்கும் இடத்தின் நிர்வாகத்தை நேரடியாக அழைத்து, அந்தத் தேதியில் அந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 12: வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே, களைப்போடு களைப்பாக, ஒரு பக்கம் எழுதுங்கள். எது விற்றது என்பதைவிட, எதன் முன்னால் நின்றார்கள், எதைத் திருப்பிப் பார்த்து விலை கேட்டு வைத்தார்கள் என்று எழுதுங்கள். நின்றும் வாங்காத படம் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால், அதையே சின்ன அளவில் செய்ய வேண்டும் என்று அர்த்தமாக இருக்கலாம். என் விஷயத்தில் இரண்டு முறை அப்படித்தான் இருந்தது. செலவையும் வரவையும் நின்ற மணிநேரத்தையும் படி 2-ன் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

வாங்கியவர்களுக்கு மூன்று நாளுக்குள் ஒரு வரி நன்றி. மாட்டிய பிறகு ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மின்னஞ்சல் எழுதிக்கொடுத்தவர்களுக்கு, அவர்கள் சம்மதித்திருந்தால் மட்டும், வருடத்தில் மூன்று நான்கு முறை எழுதுங்கள். அதற்கு மேல் போனால் தொல்லை.

கடைசியாக, கூடாரத்துணி நனைந்திருந்தால் எவ்வளவு அசதியாக இருந்தாலும் மடித்தபடி விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், விரித்துப் போடுங்கள். விற்காத கேன்வாஸ்களையும் உறையிலிருந்து வெளியே எடுத்துச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் சாய்த்து வையுங்கள். ஈரத்தோடு கட்டிவைத்த ஒரு வாரத்தில் பின்பக்கத் துணியில் பூஞ்சைப் புள்ளி தோன்றிவிடும். அந்தப் புள்ளி வந்த படத்தை அடுத்த சந்தைக்கு எடுத்துப்போக முடியாது.